திங்கட்கிழமை வயித்து வலி: வளரிளம் பிள்ளைகளின் மனநோய்க்கு உடுமலையில் என்ன வழி?

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பும் காற்றாலையும் சூழ்ந்த ஒரு கிராமம். ஜூலை மாதத்தில் இருந்து அவளுக்கு அடிக்கடி வயித்து வலி. திங்கட்கிழமை காலையில் தவறாமல் வந்துவிடும். முதலில் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் டவுனில் ஒரு டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. எல்லாம் நார்மல்.

"பள்ளிக்கூடம் போகாம இருக்கறதுக்கு நடிக்கறா" என்கிறார் அப்பா. "ஆரோ கண்ணு வெச்சுட்டாங்க சாமி" என்கிறார் அப்பத்தா. கோயிலுக்குப் போய்த் திருநீறு மந்திரித்து, கையில் கயிறும் கட்டியாயிற்று. அரையாண்டுத் தேர்வில் மார்க் குறைந்ததும் கூடுதலாக ஒரு டியூஷன். பொங்கல் முடிந்ததும் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு வந்து நிற்கும்போது அந்தப் பெண் ராத்திரி ரெண்டு மணிக்கும் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதும் இல்லை.

எட்டு மாதம் போய்விட்டது. இந்த எட்டு மாதத்தில் அவளுக்காகப் பணம் செலவழித்தவர்கள், கவலைப்பட்டவர்கள், நேர்ந்துகொண்டவர்கள் எல்லாரும் உண்டு. "மனசுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டவர் மட்டும் இல்லை.

வளரிளம் பருவத்து மனநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அது இலவசம். பிள்ளைகளுக்குக் கேடு செய்வது நோயைக் காட்டிலும் இந்தக் காலதாமதம்தான்.

14 வயதில் வருவது, 24 வயதில் தெரிவது

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில், பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம். கணக்கெடுக்கப்பட்ட 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

7.3 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். அதில் மூன்று பேர்.

இன்னொரு எண்ணும் முக்கியம். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் 2005ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. மீசை அரும்பும்போது வரும் நோய், வேலைக்குப் போய், கல்யாணம் பேசும்போது வெடித்து, அப்போதுதான் டாக்டரிடம் போகிறது. "சின்ன வயசுலயே இவன் இப்பிடித்தானுங்க, கோவக்காரன்" என்று வீட்டில் அன்றைக்குச் சொல்வார்கள். அந்தக் 'கோவம்'தான் பத்து வருஷத்துக்கு முந்தைய அறிகுறி என்பது அப்புறம்தான் புரியும்.

ஏன் வயிறு வலிக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அந்த வயித்து வலி நடிப்பு இல்லை. பதற்றம் வரும்போது மூளை உடம்பை ஆபத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குடலின் அசைவு மாறுகிறது. பரீட்சை ஹாலுக்குள் போகும் முன் எல்லாருக்கும் பாத்ரூம் வருவது இதனால்தான். பதற்ற நோய் உள்ள பிள்ளைக்கு அந்தப் பரீட்சை ஹால் தினமும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனில் எதுவும் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது.

'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொன்னால் திட்டு கிடைக்கும், 'வயிறு வலிக்குது' என்று சொன்னால் சுடுதண்ணி கிடைக்கும் என்ற வீட்டில், எந்தப் பிள்ளைக்கும் வயிறுதான் வலிக்கும். இதைப் பிள்ளை திட்டமிட்டுச் செய்வதில்லை. உடம்புக்குக் கிடைக்கும் கவனிப்பு மனசுக்குக் கிடைக்காத ஊரில், மனசு உடம்பின் வழியாகப் பேசக் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு குழப்பம், மனச்சோர்வின் முகம். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகமாக உட்கார்ந்திருப்பார்கள். வளரிளம் பிள்ளைகளில் பலர் சோகமாக இருப்பதில்லை, எரிந்து விழுவார்கள். கதவை ஓங்கிச் சாத்துவது, தம்பியை அடிப்பது, அம்மா ஒரு வார்த்தை கேட்டால் பத்து வார்த்தை திருப்பிச் சொல்வது. 'திமிர்' என்று வீடு அதற்குப் பெயர் வைத்துவிடுகிறது.

அப்படியென்றால் வயசுக் கோளாறுக்கும் நோய்க்கும் எப்படி வித்தியாசம் காண்பது? மருத்துவர்கள் மூன்று விஷயம் பார்ப்பார்கள். மாற்றம் எவ்வளவு நாளாக இருக்கிறது: மனச்சோர்வு என்று சொல்லக் குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில் அது தொடர வேண்டும். எத்தனை இடத்தில் இருக்கிறது: வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் நண்பர்களிடமும் கூடவா? எதை முடக்கியிருக்கிறது: தூக்கம், சாப்பாடு, படிப்பு, பிடித்த விளையாட்டு இவற்றில் எது நின்றுபோனது? வாலிபால் என்றால் உயிரை விடும் பையன் ஒரு மாதமாக மைதானத்துப் பக்கமே போகவில்லை என்றால், மார்க் ஷீட்டைவிட அதைக் கவனிப்பது நல்லது.

மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் பேருக்கு வருபவை. அவை மட்டும் இல்லை. கையைத் திரும்பத் திரும்பக் கழுவும், பூட்டிய கதவை இருபது தடவை சோதிக்கும் எண்ணச் சுழற்சி நோய் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும். கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாறு உள்ள பையன் 'வாலு' என்ற பெயரிலேயே எட்டாவது வரை வந்துவிடுவான். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளை 'மக்கு' என்று கேட்டுக் கேட்டே மனச்சோர்வுக்குள் போய்விடும். யாருக்கும் கேட்காத குரல் காதில் கேட்கிறது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால், அது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கு மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்கவே கூடாது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அவ்வளவுக்குப் பிள்ளை பழைய வாழ்க்கைக்குத் திரும்பும்.

தூக்கத்தைத் தின்னும் படிப்பு

பருவம் வரும்போது மூளையின் தூக்கக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் அவர்களுக்கு இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பதினோரு மணி வரை தூக்கம் வராமல் இருப்பதும், காலை ஆறு மணிக்கு எழுப்பினால் எழ முடியாமல் கிடப்பதும் சோம்பேறித்தனம் அல்ல, உயிரியல். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

கொங்கு நாட்டுப் பள்ளிகளின் அட்டவணையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்கு ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுவதிலும் இருந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். பக்கத்தில் கோழிப்பண்ணைகள் இருந்ததாலோ என்னவோ, 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. விடியற்காலைப் படிப்பு, இரவுப் படிப்பு, வாரத் தேர்வு, மார்க் வரிசைப்படி வகுப்புப் பிரிவு. அந்த முறை இன்று அந்த ஊர்களோடு நிற்கவில்லை. சின்னச் சின்ன டவுன் பள்ளிகள்கூட அதைக் காப்பியடித்துவிட்டன.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2017ல், கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ.செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது, பொதுத்தேர்வில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. மே மாதம் வந்தால் டிவியில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் வாயில் லட்டு ஊட்டும் காட்சி அத்தோடு நின்றது. ஆனால், ரேங்க் பட்டியல் பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸ் பேனருக்கு இடம் மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 497, 495 என்று போட்டோவோடு சிரிக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டேதான் 310 வாங்கிய பையனும் பஸ் ஏறுகிறான்.

இதைவிடப் பழைய, நல்ல மாற்றம் ஒன்று உண்டு. பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ ஃபெயிலானால் ஒரு வருஷம் வீண் என்று இருந்த காலத்தில், ரிசல்ட் நாள் பல வீடுகளில் துக்க நாளாக முடிந்தது. சென்னையில் 1986ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் இதைத் தொடர்ந்து எடுத்துச்சொன்னது. 2000களின் தொடக்கத்தில் வந்த உடனடித் துணைத்தேர்வு, ஃபெயிலான பிள்ளை அதே ஆண்டில் மறுபடி எழுதி மேலே படிக்க வழி செய்தது. ஒரு மாத்திரையும் இல்லாமல், ஒரு தேர்வு விதியை மாற்றியே உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

இருந்தும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மாநிலங்களில் தமிழ்நாடு இரண்டாம் இடம். இத்தனை மரணங்களுக்கும் மார்க் மட்டுமே காரணம் என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மை இல்லை. குடும்பச் சண்டை, அப்பாவின் குடி, பாலியல் தொல்லை, கண்டுபிடிக்கப்படாத மனநோய் எனப் பல நூல்கள் ஒன்றாகச் சிக்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. கொங்குப் பகுதியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: காதல் தெரிந்த அன்றைக்கே, அதுவும் வேறு சாதி என்றால், பெண்ணின் போன், பள்ளி, தோழிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துவிடுவது. மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, நெருக்கடியில் இருக்கும் பிள்ளையிடம் மிச்சம் இருக்கும் பிடிமானங்களையும் பறித்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கே வராத பிள்ளைகளும் உண்டு. திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' செய்திகளில் பலமுறை அடிபட்டது. மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்ற ஏற்பாடு. பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்குப் பள்ளிக் கவுன்சலரும் இல்லை, கவனிக்க டீச்சரும் இல்லை. வளரிளம் மனநலம் என்று பேசும்போது சீருடை போட்ட பிள்ளை மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது.

எங்கே போவது?

உடுமலையில் இருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர். 2009ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது உடுமலை அதில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் 'பெரிய வைத்தியம்' என்றால் பஸ் இன்னும் கோவைக்குத்தான் ஏறுகிறார்கள். மனநல டாக்டர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஒறம்பரைக்குத் தெரிந்தால் நாளைக்குப் பொண்ணு கேட்டு ஆரு வருவாங்க என்ற பயம், 14 வயசுப் பிள்ளையின் வைத்தியத்தையும் தள்ளிப்போட வைக்கிறது.

முதல் படிக்கு எந்தப் பஸ்ஸும் ஏற வேண்டாம். 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'க்கும் இதே எண்தான். பிள்ளையே கூப்பிடலாம், அம்மாவும் கூப்பிடலாம், 'என் தம்பி இப்படி இருக்கான், என்ன பண்றது' என்று அக்காவும் கேட்கலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார். மாநில அரசின் 104 சேவையிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

இரண்டாவது படி, மாவட்ட மனநலத் திட்டம். தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் திருச்சியில் தொடங்கி, இன்று எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்ட திட்டம் இது. மனநல மருத்துவரும் உளவியலாளரும் அடங்கிய மாவட்டக் குழு, தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து நோயாளிகளைப் பார்க்கும். மாத்திரையும் அங்கேயே இலவசம். உடுமலை அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் 'மனநல டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?' என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

அதற்கும் மேலே தேவைப்பட்டால் 2022ல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, அல்லது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதால் ஓ.பி.யில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

கோயிலுக்குப் போவதை என்ன செய்வது? தடுக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அப்புறம் அதே ஏர்வாடி தர்கா பக்கத்தில் 'தவா-துவா' என்ற பெயரில் அரசு மருத்துவ மையம் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்பதே அதன் ஏற்பாடு. அமாவாசைக்குத் திருமூர்த்தி மலைக்குப் போய்விட்டு, மறுநாள் ஜி.எச்.சுக்கும் போகலாம். ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

டாக்டர் அறைக்குள் என்ன நடக்கும்?

பலருக்குப் பயம் இங்கேதான். கரண்ட் வைப்பார்களா, தூக்க மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்களா? 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மின்அதிர்வு சிகிச்சையைத் தடை செய்கிறது. பாதுகாவலரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன்அனுமதியும் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, பெற்றோரோ பாதுகாவலரோ நியமிக்கும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அட்மிஷனே தேவைப்படாது.

முதல் சந்திப்பில் பெரும்பகுதி பேச்சுதான். நல்ல மருத்துவர் பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார். "எங்க முன்னாடியே கேளுங்க" என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் பாதி வைத்தியம் அங்கேயே போச்சு. தனியாகச் சொன்னதை டாக்டர் ஊருக்குச் சொல்ல மாட்டார். இரண்டு விஷயத்தில் மட்டும் அந்த ரகசியம் நிற்காது: பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்வார், பாலியல் வன்முறை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

லேசான பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பேச்சு சிகிச்சையே முதலில். சிபிடி எனப்படும் முறையில், 'நான் ஃபெயிலானால் அப்பா செத்துருவாரு' போன்ற எண்ணத்தை எழுதி வைத்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று பிள்ளையே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. பள்ளிக்குப் போகவே பயப்படும் பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தால் பயம் வளரும். அதனால் முதலில் ஒரு பீரியட், அப்புறம் மதியம் வரை, அப்புறம் முழு நாள் எனப் படிப்படியாக அனுப்புவார்கள். இதற்குப் பள்ளியும் ஒத்துழைக்க வேண்டும்.

நடுத்தரம், தீவிரம் என்றால் மாத்திரையும் சேரும். அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள 439 வளரிளம் பிள்ளைகளிடம் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், ஃப்ளூவாக்ஸிடின் மாத்திரையும் சிபிடியும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரத்தில் தேறினார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் இது சுமார் 61, வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 35. இது தூக்க மாத்திரை இல்லை, அடிமையாக்குவதும் இல்லை. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் சிலருக்குத் தவறான எண்ணங்கள் கூடலாம் என்பதால் அந்த நாட்களில் வீட்டில் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். 'நல்லாயிட்டா' என்று வீடே முடிவு செய்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் மறுபடி சறுக்குவதற்குப் பெரிய காரணம். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும்.

தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால்: உடல் நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. உங்கள் ஆபீஸ் குரூப் பாலிசியில் அப்பா, அம்மா, பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்து வையுங்கள்.

பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஒரு கவுன்சலரையாவது நியமிக்க வேண்டும், மார்க் அடிப்படையில் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிக்கக் கூடாது என்பன அவற்றில் சில. 'ஏ செக்‌ஷன் நல்லாப் படிக்கிறவங்க, டி செக்‌ஷன் தேறாதவங்க' என்ற ஏற்பாட்டைக் கேள்வி கேட்கப் பெற்றோர் சங்கத்துக்கு இப்போது ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

கவுன்சலருக்குப் பதில் பி.டி. வாத்தியாருக்கே கூடுதல் பொறுப்பு கொடுத்துவிட்டால் போதாதா? பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2018ல் லான்செட் இதழில் வெளியான முடிவு சுவாரசியமானது. அந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசகராக வைத்த பள்ளிகளில் மனச்சோர்வும் அடிதடியும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் பலன் இல்லை. அடிக்கவும் மார்க் போடவும் அதிகாரம் உள்ளவரிடம் போய் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்? அங்கே பலன் தந்தவர்கள் பெரிய டிகிரிக்காரர்கள் இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

ஆசிரியரால் செய்ய முடிந்தது வேறு: மாற்றத்தை முதலில் பார்ப்பது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. இதைப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் கேட்பதைவிட எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினால் அலைச்சல் குறையும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி

'செத்துப் போகலாம்னு தோணுதா?' என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவானது. அமைதியாக, நேராகக் கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்று சொன்னால் அழுது, சத்தியம் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். தனியாக விடாதீர்கள், அன்றைக்கே 14416ஐ அழையுங்கள், அல்லது அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமே என்ற பயத்தில் மறைக்கவும் தேவையில்லை. கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே 2017 சட்டம் அதைக் கருதுகிறது.

உடுமலை, மடத்துக்குளம் பக்கம் தோட்டம் உள்ள வீடுகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பூச்சிமருந்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்வது. நெருக்கடியின் உச்சம் பல நேரம் சில நிமிடம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும், தப்பியவர்களில் பெரும்பாலானோர் அப்புறம் அந்த முடிவுக்குத் திரும்புவதில்லை. இலங்கை 1995ல் இருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது, அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையை லட்சுமி விஜயகுமார் குழு சோதித்தபோது, விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பெங்களூருவில் இருக்கும் அண்ணனுக்கு

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஊரில் இல்லை. கோவை சரவணம்பட்டியிலோ பெங்களூருவிலோ வேலை, உடுமலைக்கு மாதம் ஒருமுறை. ஆனால் அப்பா, அம்மாவிடம் சொல்லாததைத் தம்பியோ சித்தப்பா பொண்ணோ ராத்திரி பதினொன்றரைக்கு உங்களுக்குத்தான் மெசேஜ் போடுவார்கள். 'அண்ணா, தூங்கிட்டியா?' என்ற ரெண்டு வார்த்தைதான் வரும். 'படி, எல்லாம் சரியாயிரும்' என்று பதில் போட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இல்லை, சொல்லு' என்று போட்டுவிட்டுக் காத்திருங்கள். இன்ஸ்டா ரீலைக் காட்டி அட்வைஸ் பண்ண வேண்டாம். என்னவெல்லாம் நடக்கிறது, எப்போதிருந்து என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் அப்பாவிடம் பேச வேண்டியதும் நீங்கள்தான். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போகச் சொல்றே?" என்று கத்துவார். அவரிடம் மனச்சோர்வு, சிபிடி என்று பேசிப் பயனில்லை. "எட்டு மாசமா வயித்து வலிக்குப் பார்த்தோமல்லங்ப்பா, சரியாகல. ஜி.எச்.சுல ஒரு டாக்டரைப் பார்க்கலாம், நானும் லீவு போட்டுட்டு வர்றேன்" என்று சொன்னால் அவரும் வண்டி எடுப்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போடும் முன், அந்த வாரம் மனநல டாக்டர் வரும் கிழமை எது என்று ஊரில் யாரையாவது ஜி.எச்.சில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.